மனோகரன் போட்ட கட்டு

என் இடது முழங்காலுக்குத் தனி வரலாறே உண்டு. காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் போட்டுத் தலையில் ஏற்றி, பஸ்காரன் ஏற்றமாட்டேன் என்று சொன்ன நாளெல்லாம் திருவொற்றியூர் வரைக்கும் நடந்தே வந்த கால் அது. பஸ்ஸில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிய ஜனங்களேதான் கொஞ்ச நேரம் கழித்து, "நீலாக்கா, சங்கரா மீனு கீதா?" என்று என் முன்னால் வந்து குந்துவார்கள். வாய்க்கு வேண்டும், மூக்குக்கு ஆகாது. என்ன ஜனங்களோ.

அந்த முழங்காலைக் கல்யாணமான புதிதிலிருந்து பிடித்துவிட்டவர் என் வீட்டுக்காரர் மனோகரன். கட்டுமரத்தில் போனவர், அப்புறம் ஃபைபர் படகில் போனவர். அலைச் சத்தத்தில் கத்திக் கத்தியே பேச்செல்லாம் தீர்ந்துபோனதோ என்னவோ, கரையேறிவிட்டால் ஊமைச்சாமிதான். நான் ஒன்பது வார்த்தை பேசினால் அவர் ஒரு 'ம்' போடுவார். என் காலைப் பிடிக்க உட்கார்ந்தால் மட்டும் அவருக்கு வாய் திறக்கும்.

அப்போது எங்கள் வீட்டுக்கு எதிரே மணல் இருந்தது. இன்றைக்குக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அதற்கும் அந்தப் பக்கம், இப்போது கடல் புரளுகிற இடத்தில். சாயங்காலம் கம்பெனிச் சங்கு ஊதும். ஷிப்ட் முடிந்த ஆட்கள் சைக்கிளில் கும்பலாகப் போவார்கள். நான் வியாபாரம் முடித்து வந்து மணலில் காலை நீட்டுவேன். அவர் இரும்புக் கரண்டியில் தேங்காயெண்ணெயைக் காய்ச்சி, கற்பூரத்தைப் பொடித்துப் போட்டு எடுத்துவருவார். தோல் சிவக்கச் சிவக்கத் தேய்ப்பார். கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார். கடைசியில் எருக்கிலையை அனலில் வாட்டி, முட்டி மேல் வைத்து வலை நூலால் கட்டுவார்.

"இஸ்த்து கட்டாத கட்டு கடல்ல நிக்காது" என்பார். அவர் போட்ட முடிச்சை அவரைத் தவிர யாரும் அவிழ்க்க முடியாது. விடிந்ததும் அவரே வந்து அவிழ்ப்பார்.

தேய்க்கும்போதுதான் எல்லாவற்றையும் சொல்வார். எந்தப் பக்கம் நீரோட்டம் திரும்பியது, யார் வலை கடலடியில் எந்தப் பாறைப் பாரில் மாட்டிக் கிழிந்தது, எண்ணூர் முகத்துவாரத்தில் இறால் எப்படிக் கொட்டியது, எல்லாம். எங்கள் முதல் குழந்தை தங்காமல் போனபோது ஊரெல்லாம் நான் அழுததைப் பார்த்தது. அவர் அழுததைப் பார்த்தது என் முழங்கால் மட்டும்தான். எண்ணெயோடு எண்ணெயாக அவர் கண்ணீரையும் சேர்த்துத் தேய்த்தார். அன்றிலிருந்து என்ன சண்டை வந்தாலும், சாயங்காலம் அந்தக் கை என் கால்மேல் வந்துவிட்டால் என் கோபம் ஓடிப்போய்விடும். இதை நான் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறிக்கொள்வார்.

இப்போது அவரும் கடலுக்குப் போவதில்லை, வலை பின்னும் கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். நானும் கூடை தூக்குவதில்லை, தெருமுனையில் பலகை போட்டு விற்கிறேன். வலி மட்டும் ஓய்வு எடுக்கவில்லை. குந்தினால் எழ முடியவில்லை. எண்ணெய்க்கும் உப்புக்கும் கேட்கவில்லை. பொட்டிக்கடையில் விற்கிற வலி மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்வேன். ரத்தக் கொதிப்புக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரை அது பாட்டுக்கு ஒரு பக்கம் போகும்.

என் மகன் ரவிக்குமார் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். அவன் ஒருநாள் ஒரு ஜெல் ட்யூபை வாங்கிவந்து கையில் திணித்தான். "இத்த தடவும்மா, சரியாப் பூடும்" என்றான். அவ்வளவுதான் அவன் சொன்ன பக்குவம். வாசலில் லாரி நின்றது, போய்விட்டான்.

மனோகரன் ட்யூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொஞ்சம் பிதுக்கி மோந்தார்.

"இன்னாமே இது, ஐஸ் மாரி கீது? சூடே இல்ல. இது இன்னாத்த வலிய எடுக்கும்?"

"எடுக்குதா இல்லியான்னு தடவிப் பாருய்யா."

புது மருந்து வந்ததால் தன் கைவைத்தியத்துக்கு மதிப்புப் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டையும் சேர்த்தே செய்துவிட்டார். பாதி ட்யூபைப் பிதுக்கி, சப்பாத்திக்கு மாவு பிசைகிற மாதிரி பிசைந்தார். அதன் மேலேயே உப்பு ஒத்தடம் கொடுத்தார். எருக்குச் செடிக்கு இப்போது எங்கே போவது? இருந்த புதரை எல்லாம் வெட்டித் தள்ளிச் சுவர் எழுப்பியாயிற்று. அதற்குப் பதிலாக மீன் ஐஸ் பெட்டிக்குப் போடுகிற பாலித்தீன் தாளைச் சுற்றி, வலை நூலால் இறுக்கிக் கட்டினார். "இப்ப பாரு" என்று சொல்லிவிட்டுக் கொட்டகைக்குக் கிளம்பிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று நானும் ஒரு வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். ஒற்றை முட்டிக்கு நாலு வைத்தியம்.

கொஞ்ச நேரத்தில் எரிய ஆரம்பித்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்றுதானே நமக்கெல்லாம் நினைப்பு? பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அப்புறம் தாங்க முடியவில்லை. முடிச்சை நகத்தால் கீறினேன், பல்லால் கடித்தேன், ம்ஹூம். மனோகரன் போட்ட கட்டல்லவா? மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து நூலை அறுத்தேன். தாளைப் பிரித்தால் முட்டியெல்லாம் செக்கச்செவேல் என்று, பொரித்த அப்பளம் மாதிரி கொப்புளம் கொப்புளமாக இருந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதை.

மெயின் ரோட்டு மூலையில் ஞானதுரை அண்ணாச்சியின் மருந்துக் கடை. ரவிக்குமார் ஜெல் வாங்கியதும் அங்கேதான். இப்போது கடையில் உட்காருவது அவர் மருமகள் பெனிஷா. மருந்துப் படிப்புப் படித்த தூத்துக்குடிப் பெண், 'வந்திய, போனிய' என்று பேசும். ஷேர் ஆட்டோ பிடித்து, நொண்டிக்கொண்டே போய்க் காலைக் காட்டினேன். அவள் கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

"ஐயோ, என்னம்மா செஞ்சிய?"

சொன்னேன். உப்பு என்றதும் கண்ணை மூடிக்கொண்டாள். பாலித்தீன் என்றதும் தலையில் கை வைத்துவிட்டாள்.

"ஜெல்லு போட்ட எடத்துல சூடு வைக்கவே கூடாதும்மா. காத்துப் போவாம மூடிக் கட்டவும் கூடாது. மருந்து வேண்டியதுக்கு மேல உள்ள எறங்கும், தோலும் வெந்துபோவும். அழுத்தித் தேய்க்க இது எண்ணெய் இல்ல. அட்டையில எழுதியிருக்க அளவு எடுத்து, மெல்லமாத் தடவி விட்டாப் போதும்."

"எவம்மா அட்டையப் படிச்சான்? லாரிலயே வுட்டுட்டுப் பூட்டான் எம் புள்ள."

"சரி, வேற ஏதாவது மாத்திரை போடுதியளா?"

ரத்தக் கொதிப்பு மாத்திரையைச் சொன்னேன். பொட்டிக்கடை மாத்திரையையும் மெதுவாகச் சொன்னேன். அவளுக்கு முகமே மாறிவிட்டது.

"இந்த ஜெல்லும் அந்த வலி மாத்திரையும் பெரும்பாலும் ஒரே சாதி மருந்துதான். ரெண்டையும் ஒண்ணாப் போட்டா வயித்துப் புண்ணு வரும், கிட்னிக்கும் ஆவாது. பிரஷர் இருக்கவங்க டாக்டரக் கேக்காம அந்த மாத்திரையத் தொடவே கூடாது. எங்கிட்ட கேட்டுட்டு வாங்கியிருக்கலாம்லா? ரவி அண்ணன் வந்தப்பவே நானும் கேட்டிருக்கணும், கூட்டமா இருந்துச்சு. இப்ப தண்ணி விட்டு மெதுவாக் கழுவிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க."

போனேன். டாக்டரம்மா திட்டிவிட்டுத் தடவக் களிம்பு கொடுத்தார். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை, கிட்னிக்கு ஒன்றுமில்லை. தோல் ஆறும்வரை ஜெல் வேண்டாம், பொட்டிக்கடை மாத்திரை எப்போதுமே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் மனோகரன் அறுந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார். என் காலைப் பார்த்தார். உள்ளே போய் அடுப்பண்டை உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து அவர் என் காலைத் தொடவில்லை. சூடுபட்ட பூனை அடுப்பண்டை போகாது என்பார்களே, சூடுபட்டது நான், ஒதுங்கியது அவர். டீ வாங்கிவந்து தருவார், கை எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கம்பெனிச் சங்கும் இப்போது ஊதுவதில்லை, அவர் பேச்சும் நின்றுபோயிற்று. மணல் போனபோதுகூட வீடு இவ்வளவு வெறிச்சென்று இல்லை.

புண் ஆறித் தோல் பழையபடி ஆனது. இனிமேல் ஜெல் போடலாம், ஒழுங்காகப் போட்டால் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டரம்மா. கடைக்குப் போனபோது பெனிஷா அட்டையோடு கொடுத்து, உள்ளே இருந்த தாளைப் பிரித்துக் காட்டிச் சொன்னாள். காயத்தின் மேல் படக்கூடாது. போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்தக் கையோடு கண்ணைத் தொடக்கூடாது. ஜெல் போட்ட இடத்தில் நேர் வெயில் படக்கூடாது. "ஒரு வாரம் பாருங்க. கேக்கலன்னா டாக்டர்ட்ட போங்க, இன்னும் கொஞ்சம் போடுவோம்னு போடாதிய" என்றாள்.

சாயங்காலம் நான் ட்யூபைக் கையில் எடுத்ததும் மனோகரன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வந்ததே எனக்குக் கோபம்.

"யோவ், நில்லு. எங்க போற?"

"கொட்டாய்க்கு."

"இந்நேரத்துக்குக் கொட்டாயில எவன் கீறான்? இந்தா, தடவி வுடு."

"நானா? வாணாமே. போனவாட்டி பண்ணது போதாதா? உன் பையன் வருவான், அவனாண்ட சொல்லு."

"என் காலு அவனாண்ட கதை கேக்குமா?"

அவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வலியத் தாங்கிக்கலாம்யா" என்றேன். சொல்லவே கூடாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்தது, தானாக வந்துவிட்டது. "நீ இங்க வந்து குந்தாததத்தான் தாங்க முடில. வெந்தது தோலு, ஆறிப்போச்சு. உன்ன யாரு இன்னா கேட்டா? ஊமைக் கோட்டான் மாரி அடுப்பாண்ட குந்திக்கினு கீற. எனக்கு அழுகையா வருதுய்யா."

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வந்து என் எதிரே குந்தினார். நான் சொல்லச் சொல்ல, பெனிஷா காட்டிய அளவு ஜெல்லைப் பிதுக்கினார். படகில் எஞ்சின் இழுத்த கை, பூவைத் தொடுகிற மாதிரி என் முட்டியில் தடவியது. தோல் ஜெல்லைச் சட்டென்று இழுத்துக்கொண்டது.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சு."

"அவ்ளோதானா? தேய்க்க வாணாமா?"

"வாணாம்."

"கட்டு?"

"கட்டும் வாணாம். போய் கையக் கழுவு."

எழுந்து போனார். பின்பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. இவ்வளவுதானா, இதற்கா இவ்வளவு சண்டை போட்டோம் என்று எனக்குத் தோன்றியது. இனிமேல் ஒரு நிமிஷ வேலை, அதற்குள் அவர் என்ன கதையைச் சொல்லி முடிப்பார்?

திரும்பி வந்தவர் துண்டில் கையைத் துடைத்தார். மறுபடியும் என் எதிரே குந்தி, என் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். முட்டியை மெதுவாக அமுக்க ஆரம்பித்தார்.

"அந்தக் காலு வலிக்கலய்யா" என்றேன்.

"தெரியும்மே" என்றார். "வெறுங்கைதான்."