ரெட்டை ராகுகாலம்

மலைக்குப் போகிற அன்றைக்குக்கூட பத்மநாபன் ராகுகாலத்தை வீட்டில் விட்டுவிட்டு வரவில்லை. ஒரு ராகுகாலம் என்றால் பரவாயில்லை, ஊரில் எல்லோரும் அதைச் சமாளித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கும் இந்த மனிதரிடம் இரண்டு இருந்தன. திருச்சியிலிருந்து வந்த காலண்டரின்படி ஒன்று, இங்கே சுவரில் ஓடுகிற கடிகாரத்தின்படி ஒன்று. ராகு எந்த ஊர் நேரத்தைப் பார்ப்பார் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாததால், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் அனுசரிப்பார். மலைக்குப் போகிற சனிக்கிழமையன்று, ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடும் இந்தியக் கடிகாரத்தின் ராகுகாலம் இங்கே காலை ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதுக்கு முடியும். முடிந்த கையோடு உள்ளூர் ராகுகாலம் வந்து பத்தரை வரைக்கும் உட்கார்ந்துகொள்ளும். நடுவில் மூச்சுவிட இடம் கிடையாது.

அவர் மனைவி ஷியாமளா இதைப் பதினெட்டு வருடமாகச் சகித்துக்கொண்டாள் என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. அவளும் ராகுகாலத்தில் பொட்டுத் தங்கம் வாங்கியவள் இல்லை. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தாள், சமைத்தாள், மகள் சம்யுக்தாவை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றி இறக்கினாள். அவளாக ஆசைப்பட்டுக் கேட்டது இந்த மலை ஒன்றைத்தான்.

ஹிஃப்ஸா என்று ஒரு காயல்பட்டினத்துப் பெண், துபாயில் பெண்களை மட்டும் மலையேற்றம் கூட்டிப்போகிறவள். அடுத்த மாதம் நேபாளத்தில் பனிமலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தேசியப் பூங்காவுக்குப் பத்துப் பேரோடு கிளம்புகிறாள். ஒன்பது பேர் முடிவாகிவிட்டது. ஜெபல் ஜைஸ் மலையில் இன்றைக்கு ஹிஃப்ஸாவின் கண்ணெதிரே ஏறிக் காட்டிவிட்டால் பத்தாவது இடம் ஷியாமளாவுக்கு. ராத்திரியே டிக்கெட் போட்டுவிடுவார்கள். இதற்காக அவள் பத்மநாபன் ஆபீஸ் போனதும் அரிசி மூட்டையை முதுகில் கட்டிக்கொண்டு தங்கள் கட்டடத்தின் மாடிப்படிகளில் மாதக்கணக்கில் ஏறி இறங்கியிருந்தாள். “லிஃப்ட் வேலை செய்யலையா மேடம்?” என்று கேட்காத பக்கத்து வீடு இல்லை.

மலைமேல் கார் நிறுத்தும் இடத்துக்குக் குடும்பம் மூவரும் வந்து சேர்ந்தபோது ஏழே கால்கூட ஆகவில்லை. குளிர்காற்று காதைக் கடித்தது. ஹிஃப்ஸா முன்பே வந்துவிட்ட பெண்களோடு ஹெல்மெட்டுகளையும் கயிறுகளையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“எட்டு மணிக்குத் தொடங்குறோம்க்கா. இன்னும் ஒருத்தவங்க வரணும். வெயில் ஏறுறதுக்குள்ள கயிறு கட்டி ஏறுற பாறையைத் தாண்டிடணும்.”

“எட்டா?” என்றார் பத்மநாபன், அவரைக் கேட்டதுபோல. “நட்ட நடு ராகுகாலமாச்சேம்மா! பத்தரைக்கு மேல வச்சுக்கக் கூடாதா?”

ஹிஃப்ஸா சிரித்துவிட்டாள். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் விளையாடவில்லை என்பது ஷியாமளாவுக்குத் தெரியும். அவர் முகம் ஏற்கெனவே யோசனையில் இறங்கியிருந்தது.

“பரஸ்தானம் வச்சிடலாம்,” என்றார்.

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், எடுத்துப்போகிற பொருள் ஒன்றை நல்ல நேரத்திலேயே வெளியே கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. திருச்சியில் என்றால் எதிர்வீட்டில் வைக்கலாம். இங்கே எதிர்வீட்டுக்கு எங்கே போவது?

“உன் பையைக் கொடு ஷியாமளா. ஏழரைக்குள்ள பாதையில கொஞ்ச தூரம் கொண்டுபோய் வச்சிட்டு வந்துடறேன்.”

“அப்பா, சீரியஸ்லி? பேக் மட்டும் தனியா கிளைம்ப் பண்ணுமா?” என்றாள் சம்யுக்தா.

ஷியாமளா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலே செங்குத்தாக நின்ற பாறையைப் பார்த்தாள். இத்தனை நாள் பார்த்த நேரத்தை இன்றைக்குப் போய் மீறி, கயிறு அறுந்தால்? “சீக்கிரம் வச்சிட்டு வாங்க,” என்று அவளே பையைத் தூக்கிக் கொடுத்தாள்.

அவர் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். “வளைவு தாண்டி ஒரு பாறைமேல, கிழக்கு பார்த்து வச்சிருக்கேன். ஏழரைக்கு ரெண்டு நிமிஷம் இருந்தது. இனிமே நீ எப்ப கிளம்பினாலும் கவலையில்லை.” பரீட்சையில் தானே பாஸானவர் மாதிரி அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். நீண்ட தூரக் கார்ப் பயணம் என்று அவள் செருப்போடு வந்திருந்தாள். மலை ஷூ பைக்குள் இருந்தது. போகிற வழிதானே, அங்கே போய் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

எட்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் பாறைமேல் பை இல்லை.

பத்மநாபன் பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார், கீழே குனிந்து பார்த்தார், அடுத்த பாறையையும் தடவிப் பார்த்தார். கடைசியில் அந்தப் பக்கம் வந்த மலைப்பாதைக் காவலாளிதான் விஷயத்தைச் சொன்னான். கேட்பாரற்று ஒரு பை கிடந்தது, அப்படிக் கிடந்தால் எடுத்து ஒப்படைக்க வேண்டும் என்பது விதி, ரோந்து வண்டியில் அடிவாரத்து ஆபீஸுக்கு அனுப்பிவிட்டேன் என்றான். அவன்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

“பாயி, வோ பேக் அச்சா டைம் கே லியே ரக்கா,” என்று பத்மநாபன் தனக்குத் தெரிந்த இந்தியில், நல்ல நேரத்துக்காக வைத்த பை அது என்று பரஸ்தானத்தை விளக்கப் பார்த்தார்.

“டைம் கே லியே பேக்?” என்று அவன் திருப்பிக் கேட்டதில் சம்யுக்தா தலையில் அடித்துக்கொண்டாள்.

“தண்ணி நான் தர்றேன், ஹெல்மெட் இருக்கு,” என்றாள் ஹிஃப்ஸா. “ஷூவுக்கு எங்கக்கா போவேன்? செருப்போட உங்களைப் பாறையில விட மாட்டேன்.”

சம்யுக்தாவின் ஷூவுக்குள் ஷியாமளாவின் குதிகால் நுழையவில்லை. பத்மநாபனின் ஷூவில் கால் படகில் உட்கார்ந்த மாதிரி ஆடியது. ஹிஃப்ஸா குனிந்து அதை ஒரு இழு இழுத்தாள், கையோடு வந்துவிட்டது. பத்மநாபன் காரை எடுத்துக்கொண்டு அடிவாரத்துக்குப் பறந்தார். பறந்தார் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் யார் பறக்க முடியும்?

ஹிஃப்ஸா அவளால் முடிந்தவரை காத்திருந்தாள். மற்ற பெண்கள் வெயிலைப் பார்த்தார்கள், கடிகாரத்தைப் பார்த்தார்கள், மரியாதைக்காக ஷியாமளாவை மட்டும் பார்க்காமல் இருந்தார்கள்.

“இனிமே முடியாதுக்கா,” என்றாள் ஹிஃப்ஸா தயங்கித் தயங்கி. “புஜைராவிலேருந்து ஜலஜாவும் அந்த இடத்துக்குத்தான் வந்திருக்காங்க. அவங்க இன்னைக்கு ஏறிட்டா டிக்கெட் அவங்க பேர்லதான் போடணும். வருத்தப்படாதீங்க.”

ஜலஜா வந்து ஷியாமளாவின் கையைப் பிடித்து, “ஸாரிக்கா,” என்றாள். அவள் ஷூ புத்தம்புதிது.

மஞ்சள் ஹெல்மெட்டுகள் வளைவு தாண்டி மறைந்தன. ஷியாமளா செருப்புக் காலோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புருஷன்மேல் வந்தது, இரண்டு நாட்டு ராகுமேலும் வந்தது. எல்லாவற்றையும்விட, பையைத் தூக்கிக் கொடுத்த தன் கையின்மேல் வந்தது. அவர் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்கூட ஆயுசு முழுக்கத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

பத்மநாபன் வந்து சேர ஒன்பதரை ஆகிவிட்டது. பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இறங்கினார்.

“ஒரு சாமான்கூடத் தொலையலை! பாத்தியா, பரஸ்தானம் வச்ச பை எப்படிப் பத்திரமா வந்துடுச்சு!”

“அவங்க போயிட்டாங்க,” என்றாள் ஷியாமளா.

தூக்கிய பையை அவர் மெல்லக் கீழே இறக்கினார். மூவரும் காருக்குள் உட்கார்ந்து காத்திருந்தார்கள். ஜலஜா பாதியில் திரும்பி வந்துவிடக்கூடும் என்று ஷியாமளாவின் மனதின் ஒரு மூலை நம்பியது, அப்படி நம்பியதற்காக வெட்கப்பட்டது. கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தை யாரும் தொடவில்லை. உச்சி வேளையில் ஹிஃப்ஸாவிடமிருந்து போட்டோ வந்தது. பாறையின் தலைமேல் ஐந்து பெண்கள், நடுவில் ஜலஜா. இரண்டு கையையும் விரித்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பத்மநாபன் எட்டிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். கெட்ட மனிதர் இல்லை, அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

“விடும்மா. எல்லாம் நல்லதுக்குத்தான்னு நினைச்சுக்கோ,” என்றார். “நேபாளத்துல அவ்வளவு உயரத்துல, அந்தப் பனியில, உனக்கு ஏதாவது ஆகியிருந்தா?”

ஷியாமளா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“ஏதாவது ஆகட்டும்னுதாங்க நான் இத்தனை மாசமா படி ஏறினேன்,” என்றாள். குரல் உயரவில்லை. “நேரம் பார்த்துப் பார்த்து என்னைப் பத்திரமா வச்சிருக்கீங்க. பதினெட்டு வருஷமா எனக்கு ஒண்ணுமே ஆகலை.”

பின் சீட்டில் சம்யுக்தா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு அம்மாவையே பார்த்தாள். பத்மநாபன் வண்டியை எடுக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கிளம்புவதற்கு அது நல்ல நேரமா என்று அவர் பார்க்கவில்லை.