றீட்டா விற்காத படம்

பாசிக்குடா ஹோட்டலில் படம் விற்கும் கடைக்காரன் றீட்டா வரைந்த மீன் படங்களை வான் வண்டியில் ஏற்றியபோது, பீலிக்ஸ் தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டான். நாட்டில் சண்டை முடிந்து இரண்டாவது வருடம். வெளிநாட்டார் வரத் தொடங்கியிருந்தார்கள். மனைவி றீட்டா வரைந்த வாவியும் தோணியும் சாயம் காயுமுன்னே விலைபோயின. அவன் வரைந்த சுனாமிப் படங்களோ கொழும்புக் கண்காட்சியில் தொங்கிவிட்டு ஒன்றும் குறையாமல் திரும்பி வந்து சுவரை மறைத்து நின்றன. அவள் செய்வது யாவாரம், தான் செய்வதுதான் கலை என்று நினைத்துக்கொண்டால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

அந்தக் கிழமைதான் நாவலடியிலிருந்து சின்னத்தங்கம் வந்தாள். சுனாமியன்று கடல் அவளுடைய மகளைக் கொண்டுபோனபோது வீட்டிலிருந்த போட்டோக்களையும் விட்டுவைக்கவில்லை.

"புள்ளைர முகம் மறந்து போகுது. நான் சொல்லச் சொல்லப் படமாக் கீறித் தருவீங்களா?"

பீலிக்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அவள் சுவரிலிருந்த அவனுடைய சுனாமி அலைகளை ஒருதரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க வேணாம் தம்பி. தங்கச்சி கீறட்டும்," என்று றீட்டாவைக் காட்டினாள்.

றீட்டா ஹோட்டல் வேலையை ஒதுக்கி வைத்தாள். மூக்கு இன்னும் கொஞ்சம் சப்பை என்பாள் சின்னத்தங்கம்; சிரித்தால் ஒரு கண் சுருங்கும் என்பாள். றீட்டா சுரண்டியெடுத்துவிட்டு மறுபடி வரைவாள். பீலிக்ஸ் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்தான். இத்தனை வருடம் கூட வாழ்ந்தவள், தன் கையில் இப்படியொரு வித்தை இருக்கிறதென்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நெஞ்சு எரிந்தது.

கடைக்காரன் மீண்டும் வந்தபோது அந்த முகத்தின் முன் நின்றுவிட்டான்.

"மிஸ், இதக் கண்டா வெள்ளக்காரன் விடமாட்டான். தாறீங்களா?"

விற்றுவிட்டால் இதுவும் யாவாரம்தானே; அவள் ஓம் சொல்லிவிட வேண்டுமென்று பீலிக்ஸ் உள்ளேயிருந்து மாதாவை மன்றாடினான்.

"அது விக்கிறதில்ல," என்றாள் றீட்டா.

மறுநாள் சின்னத்தங்கம் படத்தின் முன் வந்து நின்றாள். பிறகு, பிள்ளையின் நெற்றியில் விழுந்திருந்த மயிரை ஒதுக்கிவிடுவதுபோல விரலால் தடவினாள். காயாத சாயம் இழுபட்டது.

"ஐயோ, பழுதாக்கிப்போட்டனா?"

"இல்லக்கா. இருக்கட்டும். காஞ்சாப்பிறகு வந்து எடுங்க."

பீலிக்ஸ் யன்னலால் பார்த்தான். சின்னத்தங்கம் பஸ் வரும் வழியில் வெயிலில் நடந்துகொண்டிருந்தாள், பிள்ளையின் மயிர்க் கறுப்புப் பட்ட விரலைச் சேலையில் தேய்ந்துவிடாமல் மற்றக் கையால் பொத்திப் பிடித்தபடி.