தலையணை உறைக்கு அஞ்சலி

ஆராய்ச்சியாளர் அம்மையாருக்கு எங்களைப் புரிந்துகொள்ள ஆறு வாரம் கொடுத்திருந்தார்கள். கூடப் பிறந்த தம்பியையே முப்பது வருஷமாக எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் கடல் தாண்டி வந்தவர், அங்கெல்லாம் எல்லாம் சீக்கிரம் நடக்குமாம்.

ஆராய்ச்சி நடந்தது ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். எனக்கு 'உள்ளாள்' வேலை. அம்மையார் எழுதுவதைப் படித்துப் பார்த்து, "ஆமாம், எங்கள் ஆட்கள் இப்படித்தான்" என்று கையெழுத்துப் போட வேண்டும். அங்கே துணி மடிப்பவள் என் சித்தி என்பதுதான் என் தகுதி. மற்றபடி நான் என் போர்வையைக்கூட மடித்ததில்லை.

ஏழு பெண்கள். படுக்கை விரிப்பை இரண்டு இரண்டு பேராக நின்றுதான் மடிக்க முடியும். காலை ஏழு மணியிலிருந்து நிற்பார்கள். நாற்காலி போட்டால் சோம்பல் வரும் என்பது மேற்பார்வையாளரின் கண்டுபிடிப்பு. அவருக்கு மட்டும் சோம்பல் வராது போலிருக்கிறது, சக்கரம் வைத்த நாற்காலியே வைத்திருந்தார்.

அதனால் பெண்கள் ஒரு வேலை செய்வார்கள். தலையணை உறைகளை மட்டும் தள்ளுவண்டியின் அடியில் ஒதுக்கி, கடைசி அரை மணிக்கு வைத்துக்கொள்வார்கள். உறையை உட்கார்ந்தும் மடிக்கலாமே. கூடைகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, வாய் திறக்காமல், ஆற அமர மடிப்பார்கள். பேச்சுச் சத்தம் கேட்டால்தான் மேற்பார்வையாளர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்ப்பார். சித்திக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அந்த அரை மணி இருந்ததால்தான் அவள் மறுநாளும் வேலைக்கு வந்தாள்.

அம்மையார் இதைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"இது துக்கச் சடங்கு," என்றார், புத்தகத்தில் படித்த பாஷையில். "நோயாளிகள் தலை வைத்த துணி. ஆகவேதான் இறுதியில், மௌனமாக, தரைக்கு அருகே அமர்கிறார்கள். சரிதானே?"

சிரிப்பை இருமலாக்கிச் சமாளித்தேன். சாயங்காலம் சித்தியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அந்த அரை மணிய பத்தி எழுதவே வேணாம்னு சொல்லு. யார் கண்ணுலயும் படாம இருந்தா போதும்."

"சடங்குன்னு எழுதினா யாரும் கை வைக்கமாட்டாங்க சித்தி. சும்மா இரு, எனக்குத் தெரியாதா?"

தெரியும் என்ற மமதையில் கையெழுத்துப் போட்டேன். அதோடு நிற்காமல், 'தலைமுறை தலைமுறையாக' என்று ஒரு வரியும் சேர்த்துக் கொடுத்தேன். அந்தச் சலவைக்கூடம் திறந்தே ஒன்பது வருஷம்தான் ஆகிறது.

அனுமதி கொடுத்தவர்கள் என்ற முறையில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி போனது. நிர்வாகி படித்து உருகிப்போனார். ஒரே வாரத்தில் சுவரில் பலகை ஏறியது: 'மௌன அஞ்சலி, தினமும் இரண்டரை முதல் மூன்று வரை.' கூடையில் குந்திக்கொண்டு அஞ்சலி செலுத்துவது மரியாதையில்லையாம். ஏழு பேரும் வரிசையாக நிற்க வேண்டும், கையில் ஆளுக்கொரு உறை. கூடைகளை அப்புறப்படுத்திவிட்டார்கள். மிச்ச உறைகளை மூன்று மணிக்கு மேல், அதையும் நின்றபடியே, மடிக்க வேண்டும். மேற்பார்வையாளர்கூட எழுந்து நின்றார், புகைப்படம் எடுத்து முடிக்கும்வரை.

அம்மையார் ஊருக்குக் கிளம்பும் முன் ஒருநாள் வந்து பார்த்தார். சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள், கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"எவ்வளவு ஆழமான துக்கம்," என்று என் காதோரம் சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வேலை முடிந்ததும் சித்தியைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிவந்தேன்.

"நாளைக்கே நிர்வாகிகிட்ட போய் உண்மைய சொல்லிடறேன் சித்தி."

"என்னன்னு சொல்லுவ? இத்தனை வருஷமா ஏமாத்தி உட்கார்ந்திருந்தாங்கன்னா? ஏழு பேருக்கும் வேலை போயிடும்."

அவள் கையை இழுத்து என் தோளில் போட்டுக்கொண்டேன்.

"அந்தம்மாவ குத்தம் சொல்ல முடியாது. அதுக்கு எங்களத் தெரியாது, தோணினத எழுதிடுச்சு," என்றாள். "நீ தெரிஞ்சேதானே கையெழுத்து போட்ட."

என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.