போட்டு வாறம்

மனித குலம் கண்டங்களாகச் சிதறிக் கிடந்த யுகம் 2008 மே 15, வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு முடிவுக்கு வந்தது. விக்னராஜா அச்சடித்த அழைப்பிதழ் அப்படித்தான் சொன்னது. ஆறேகால் வரைக்கும் முடியவில்லை. எக்ஸ்டென்ஷன் வயர் எட்டவில்லை.

விக்னராஜா அவுஸ்திரேலியாவில், டண்டினொங்கில் ஓர் உயர்நிலைப் பாடசாலையில் கணித ஆசிரியர். பல்பண்பாட்டு ஒருங்கிணைப்பாளரும் அவரே. உலகெங்கும் சிதறிய ஆப்பிரிக்கப் பிள்ளைகளை இணையத்தில் சேர்த்துவைப்பது அவருடைய திட்டம். இங்கே பதினொரு சூடான் பிள்ளைகள். திரையில், லண்டனின் காலை வெளிச்சத்தில், நைஜீரியா, ஜமேக்கா, சூடான் வழிவந்த ஒரு வகுப்பு. நாற்பது நிமிடம்.

அதில், பதினொரு பேரில் ஒருத்தியான ஆச்சோலுக்கு ஒரு நிமிடம் போதும். கென்யாவில் அகதி முகாமில் இருக்கும் அம்மா போன் நம்பரை மாற்றி இரண்டு மாதம். புது நம்பர் லண்டனில் சித்தி வீட்டில் இருக்கும்; சித்தியின் நம்பரும் அவளிடம் இல்லை. சித்தி மகள் நியாண்டெங் அதோ, திரையில் இரண்டாம் வரிசையில். ஆச்சோல் பேனாவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள்.

"சேர், நாங்கள் எப்போது பேசுவது?"

"பொறு பிள்ளை. முதல்ல வரவேற்புரை."

வரவேற்புரை, கோட்டும் டையுமாக, விக்னராஜா. பிறகு கவுன்சிலர். பிறகு அதிபர், அவர் 'உபுண்டு' என்று நான்கு முறை சொன்னார். தென்னாப்பிரிக்கச் சொல்லான அது என்னவாக இருக்கும் என்று சூடான் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நன்றியுரை மறுபடியும் விக்னராஜா. திரையில் நியாண்டெங் காதைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள்.

"பாருங்கோ, என்ன மாதிரிக் காது குடுத்துக் கேக்கினம்!" என்றார் விக்னராஜா.

நூலகத்தில் வேலை செய்யும் சந்திரவதனா கிட்ட வந்தார். "அண்ணை, பிள்ளையளையும் கொஞ்சம் கதைக்க விடுங்கோவன்."

"விடுவம், விடுவம். தேத்தண்ணி ஆறுதெல்லே. கவுன்சிலர் வேற ஏழு மணிக்குப் போகவேணும்."

விடைபெற அவர் கீபோர்டில் குனிந்தார். லண்டன்காரர் வரிவரியாக ஏதோ எழுதியிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி வீட்டில். பாராட்டாகத்தான் இருக்கும். 'போறம்' என்று சொல்லிப் புறப்படுவது அவர் குடும்பத்தில் அபசகுனம். ஆகவே 'போட்டு வாறம்' என்பதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டினார்: நாங்கள் போய்விட்டு வருகிறோம். புரொஜெக்டரை அணைத்தார்.

"சேர், ஒரு நிமிடம் மட்டும்..."

"அடுத்த தவணையில, பிள்ளை. ரோல்ஸ் சூடா இருக்கு, வா."

ஆச்சோல் ரோல்ஸைக் கடிக்கவில்லை. நிகழ்ச்சி நடந்த அறையின் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் அந்த நிற்பைப் பார்த்துக்கொண்டிருந்த சந்திரவதனா, தட்டை வாங்கி வைத்துவிட்டு அவளை அறைக்குள் கூட்டிக்கொண்டு போய் புரொஜெக்டரைப் போட்டார்.

லண்டன் வகுப்பு அப்படியே உட்கார்ந்திருந்தது. பிறகுதான் தெரிந்தது: வருகிறோம் என்று எழுதியிருக்கிறார்கள், எழும்பக்கூடாது என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம். ஆச்சோல் கத்தினாள். நியாண்டெங் மறுபடியும் காதைத் தொட்டாள். சந்திரவதனா மைக்கைத் தூக்கிப் பார்த்தார்; அடியில் ஒரு சுவிட்ச். தள்ளினார்.

நம்பர் ஆச்சோலின் உள்ளங்கையில் ஏறியது. இரண்டு தரம் சொல்லிச் சரிபார்த்தாள்.

"அந்தக் கோட்டுக்காரர் யாரடி?" என்றாள் நியாண்டெங். "அவ்வளவு நேரமும் எதை மென்றுகொண்டிருந்தார்?"

இரு கண்டங்களும் ஒரே குரலில் பேசின என்று விக்னராஜா அறிக்கை எழுதினார். அன்றைய நான்கு உரைகளில் ஒன்றுகூட லண்டனுக்குக் கேட்கவில்லை.