சீஸுக்குப் பதிலாக ஒரு சிட்டிகை

மருமகள் ஜெயபிரியாவுக்கு இறால் ஆகாது என்று கேட்ட நாளிலிருந்து விக்டோரியாவுக்குத் தன் குசினிக்குள் நுழையவே பயமாக இருந்தது. பட்டால் தொண்டை அடைத்துக்கொள்ளும், சென்னையில் ஒருமுறை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய்த்தான் பிழைத்தாள் என்று ஜெயபிரியாவின் அம்மா கல்யாணப் பேச்சின்போதே சொல்லியிருந்தாள். ஆற்றோரத்து வயல்காரர்களுக்கு மீன் வாடை பிடிக்காது, அதற்கு இப்படி ஒரு சாக்கு என்று விக்டோரியா முதலில் முணுமுணுத்தாள். மகன் ஜெனோ அந்த ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தவன். அவன் சொன்ன பிறகுதான் அவள் வாயை மூடினாள்.

அந்தக் கல்யாணமே வேண்டாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள் அவள். வேதம் வேறு, ஊர் வேறு, சாப்பாடு வேறு என்று தெருவெல்லாம் கேட்கச் சத்தம் போட்டிருக்கிறாள். அதனால் மருமகளுக்கு ஒன்று ஆனால் தெரு என்ன பேசும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். கல்யாணம் முடிவானதும் பழைய சட்டிகளைத் தள்ளிவிட்டுப் புதிதாக வாங்கினாள். கத்தி, அகப்பை, அரிவட்டி எல்லாம் புதிது. இறாலை வாசற்படி தாண்ட விடவில்லை.

கல்யாணம் முடிந்து ஜெனோ கப்பல் வேலைக்குப் போய்விட்டான். கணவர் கிளாட்வின் மணப்பாட்டில் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமியாரும் மருமகளும் மட்டும் வீட்டில். ஜெயபிரியா வந்ததிலிருந்து தயிர்ச்சோறும் ஊறுகாயுமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"ஏளா, வாய்க்கு என்ன வேணும்னு சொல்லு. இன்னைக்குச் செஞ்சு தாரேன்."

"சென்னையில பாஸ்தா செஞ்சு சாப்பிடுவோம் அத்தை. இங்கன பக்கத்துக் கடையில கிடைக்காதுல்லா?"

"ஞாயித்துக்கிழமை எவன் கடை திறந்து வச்சிருக்கான்? அது என்ன, மாவுதானே?"

மாவுதான். மைதாவில் முட்டையை உடைத்து ஊற்றி, உப்புப் போட்டு, கை வலிக்கப் பிசைந்தாள். ஈரத்துணி போட்டு மூடி வைத்தாள். சப்பாத்திக் கட்டையால் மெல்லிசாகத் தேய்த்து, மடித்து, நாடா நாடாக அரிந்தாள். ஜெயபிரியா செல்போனைப் பார்த்துக்கொண்டு வழி சொன்னாள். இருவருமாக ஒரு வேலை செய்வது அதுதான் முதல் தடவை.

"பேசில்னு ஒரு இலை வேணும் அத்தை."

செல்போனில் படத்தைப் பார்த்ததும் விக்டோரியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, திருநீற்றுப்பச்சிலை. புறவாசல்ல புதரா கிடக்கு. ஓமவல்லியும் ரெண்டு இலை பிடுங்கிட்டு வா."

ஜெயபிரியா புறவாசலுக்குப் போனாள். பூண்டும் தக்காளியும் எண்ணெயில் வெந்து குழைந்திருந்தன. ஒரு சொட்டு நக்கிப் பார்த்தாள் விக்டோரியா. சப்பென்று இருந்தது. சீஸ் போட்டால்தான் எடுப்பாக இருக்கும் என்று பிள்ளை சொல்லியிருந்தாள். சீஸுக்கு எங்கே போக? உப்பும் ருசியும் சேர்ந்தாற்போல ஒன்று வேண்டும், அவ்வளவுதானே என்று அலமாரியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை தூவினாள். வாசம் தூக்கியது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

ஜெயபிரியா மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கிள்ளிப் போட்ட பச்சிலை சூட்டில் வதங்கி மணத்தது. ஒரு வாய், இன்னொரு வாய் என்று தட்டைக் குனிந்து அவள் தின்ற வேகத்தைப் பார்த்து விக்டோரியாவின் மனசு நிறைந்தது.

"சீஸே இல்லாம எப்படி அத்தை இந்த ருசி? என்ன போட்டீங்க?"

"அதுவா? ஒரு சிட்டிகை கூனிப்..."

சொல் பாதியில் நின்றது. கூனிப்பொடி. கூனி என்பது பொடி இறால். நகக்கண் அளவு இறாலைக் காயவைத்து இடிப்பதுதான் கூனிப்பொடி. ஏலத்துக்கு வருவது இறால், ஏற்றுமதியாவது இறால், அதை மட்டும் வீட்டை விட்டு விரட்டினாள். கூனிப்பொடி அவளுக்கு என்றைக்கு இறாலாக இருந்தது? மிளகாய்ப்பொடி மாதிரி, உப்பு மாதிரி அது பாட்டுக்கு அலமாரியில் இருந்தது.

"துப்புளா! துப்பு!" என்று தட்டைத் தட்டிவிட்டாள்.

ஜெயபிரியா திகைத்துப் பார்த்தாள். பிறகு அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கீழுதடு தடிக்கத் தொடங்கியிருந்தது. "அத்தை, தொண்டை நமைக்கு" என்றாள். அந்தக் குரல் கரகரத்தது.

விக்டோரியா தெருவில் ஓடி அலறினாள். எதிர்வீட்டு டெரன்ஸ் சட்டைகூடப் போடாமல் ஆட்டோவை எடுத்தான். பிள்ளையைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூச்சு இழுக்கும் சத்தம் காதருகே கேட்டது. ரயில்வே கேட் மூடிக் கிடந்தது.

"ஏலே டெரன்ஸ், திறக்கச் சொல்லுலே!"

"சரக்கு வண்டி போவுது சித்தி. நான் என்ன செய்ய?"

பெட்டிகள் முடியவே இல்லை. ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று காத்திருந்தாள். மாதாவே, என் உயிரை எடுத்துக்கோ என்று வாய்விட்டுக் கதறினாள். மகன் முகம், சம்பந்தியம்மா முகம், தெருக்காரிகளின் முகம் எல்லாம் வந்துபோயின. வேண்டாத மருமகளுக்கு விஷம் வைத்தாள் என்பார்கள். அந்த நேரத்திலும் தன் பெயரை நினைக்கிறோமே என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள்: "என்னம்மா சாப்பிட்டாங்க?"

ஜெயபிரியாவால் பேச முடியவில்லை. முகம் அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. கடையில் எதையோ வாங்கித் தின்றாள் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது.

"இறாலு. கூனிப்பொடி. நாந்தான் போட்டேன். அவளுக்கு ஆவாதுன்னு எனக்குத் தெரியும்."

நர்ஸ் ஒரு கணம் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு டாக்டர் வந்தார், தொடையில் ஊசி போட்டார், முகத்தில் ஆக்சிஜன் மாட்டினார்கள். விக்டோரியா சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்தாள். மெல்ல மெல்ல இழுப்பு அடங்கியது. பயப்பட ஒன்றும் இல்லை, ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர். பயம் மட்டும் போகவில்லை.

முகமூடியைக் கழற்றியதும் விக்டோரியா கட்டிலருகே போனாள். கையைத் தொடக் கூசினாள்.

"வேணும்னு செய்யலளா. கூனி எனக்கு இறாலாவே தோணல. இனி என் குசினியில உனக்குச் சாப்பாடு வேண்டாம். கடையில வாங்கித் தாரேன்."

ஜெயபிரியா வேண்டாம் என்று தலையை அசைத்தாள்.

"கடைக்காரன் என்னத்தப் போடுவான்னு யாருக்குத் தெரியும்? நீங்களே செய்யுங்க அத்தை" என்றாள். "நான் பக்கத்துலயே நிக்கேன்."

விக்டோரியா சரியென்று தலையாட்டினாள். பிள்ளை சிரித்துக்கொண்டு சொல்கிறாளா என்று குனிந்து முகத்தைப் பார்த்தாள். உதட்டு வீக்கத்தில் ஒன்றும் தெரியவில்லை.