பனிமூட்டத்தில் மூன்றாவது பிள்ளை

சவப்பெட்டிக்கு முதுகைக் காட்டி நின்று, காசில்டா சுவரில் தொங்கிய ஓவியத்தின் மேலிருந்த போர்வையை இழுத்தாள்.

“தொடாதீங்க அண்ணி!” தம்பி மனைவி லியோந்தினா காப்பித் தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

“சாவு வீட்டுல கண்ணாடியத்தான் மூடுவாங்க. படத்த எதுக்குடி மூடின? உன் புருஷன் பண்ணின அநியாயம் ஊருக்குத் தெரிஞ்சிரும்னா?”

“இன்னிக்காவது வாய மூடுங்க.”

ஊரே அறிந்த படம். வால்பராய்சோ துறைமுகத்தின் மலைப்படிகளில் கடற்பனி; பட்டம் பிடித்தபடி இரண்டு பையன்கள். ஒரு காலத்தில் மூன்றாவதாகச் சிவப்புக் கவுனில் காசில்டாவும் இருந்தாள். மீன் சந்தையில் யாரோ தம்பி எவரிஸ்தோவின் படங்களைப் பற்றிக் கேட்டபோது, “வறுத்த மீன மடிக்கக்கூட ஆகாது, எண்ணெ உறிஞ்சாது” என்றாள். சந்தையே சிரித்தது. அன்று சாயங்காலமே அவன் படத்தில் அவள்மேல் பனிச்சாயத்தை அப்பிவிட்டான். அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

இன்று மண்ணுக்குள் போகிறான். அதற்குள் அந்தப் படத்தில் தன் இடம் அவளுக்கு வேண்டும்.

பனிக்குள் மங்கலாக ஒரு சிவப்பு தெரிந்தது.

“பாத்தியா! அப்பிட்டா மறைஞ்சிருவேனா?”

அலமாரியிலிருந்த, சாயம் கரைக்கும் டர்பன்டைனைத் துணியில் ஊற்றித் தேய்த்தாள். லியோந்தினா கையைப் பிடித்தாள். மீன் கூடை தூக்கிய கை, உதறிவிட்டது. பனி விலகி, சிவப்புக் கவுன் பளிச்சென்று வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

“நல்லா பாருங்க! நான்தான்!”

முகத்தையும் வெளியே கொண்டுவந்துவிடலாமென்று இன்னும் அழுத்தினாள். கவுன் இளகி வழிந்தது. கவுனின் ஓரம் போயிற்று, கால் போயிற்று. அடியில் பழைய பனி, கல்லாக இறுகியிருந்தது.

“போன வாரம்தான் உங்கள மறுபடியும் வரைஞ்சாரு,” என்றாள் லியோந்தினா. “எந்திரிச்சு நிக்க முடியல, நான்தான் இடுப்பப் பிடிச்சுக்கிட்டேன். கவுனப் போட்டு, மேல லேசா பனியும் போட்டாரு. இன்னும் காயல. தூசி ஒட்டும்னுதான் மூடி வெச்சேன்.”

“சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?”

“எங்க சொல்ல விட்டீங்க?”

யாரோ இருமினார்கள். சவப்பெட்டிக்கு ஆணி அடிக்க ஆள் வந்து வாசலில் நின்றான்.

காசில்டா துணியைச் சிவப்பு உள்ளே இருக்கும்படி மடித்தாள். லியோந்தினா, முகத்தைப் பார்க்காமல், துக்கத்துக்கு வந்தவர்களுக்குத் தரும் சூடான ஒயினை ஒரு கோப்பையில் நீட்டினாள். துணியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் காசில்டாவால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.