உனைசியின் வீட்டுக்கு வந்த வலிப்பு

உனைசியின் வீட்டுக்கு முதல் வலிப்பு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. ஒன்றரை நிமிடம் நீடித்தது. முதலில் பலகைச் சுவர்கள் நான்கும் விறைத்தன; சன்னல்கள் தாமாக அடித்துச் சாத்திக்கொண்டன. பிறகு தகரக் கூரையில் தொடங்கிய உதறல் தூண்கள் வழியே தரைவரை இறங்கியது. வாசற்படியோரம் சுண்ணாம்பு நுரைத்து வழிந்தது. ஓய்ந்ததும் வீடு துவண்டு, லேசாக இடப்பக்கம் சாய்ந்து, எந்தக் கதவையும் திறக்கவிடாமல் மதியம்வரை அயர்ந்து கிடந்தது. நாலு முழம் தள்ளியிருந்த தச்சர் புத்ராமின் வீட்டில், மேசைமேல் இருந்த தேநீர் தளும்பக்கூட இல்லை. தீவிலிருந்த லெவுகா அஞ்சலகத்திலிருந்து தலைநகர் சுவாவுக்குத் தொலைபேசியில் கேட்டுப் பார்த்தார்கள். அன்று எங்கும் நில அதிர்வு பதிவாகவில்லை.

உனைசிக்கு அப்போது வயது முப்பத்தொன்பது. பள்ளிச் சீருடை தைப்பவள். பத்தொன்பதாம் வயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. கடற்கரைத் தெருவில் விழுந்தால் நாலு பேர் கைகாலை அமுக்கிப் பிடிப்பார்கள். ஐந்தாவது ஆள் பல்லிடுக்கில் கரண்டியைச் செருகுவார். ஒருமுறை அப்படித்தான் முன்பல் பாதி உடைந்தது. நினைவு திரும்பி எழும்போது சுற்றி நிற்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். யாருடைய சாபமோ என்று அவள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். படகில் எஞ்சின் பார்க்கும் கிதியோனே அவளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எல்லாம் ஒழுங்குக்கு வந்தது. மாதம் தவறாமல் சுவாவிலிருந்து மாத்திரை வாங்கிவருவான். நான்கு வருடங்கள் அவள் ஒருமுறைகூட விழவில்லை. தைரியமாகக் கடலில் இறங்கிக் குளித்தாள்.

கொள்ளைநோய் இரண்டாம் முறை வந்தபோது சுவாவை அடைத்தார்கள். தீவுக்கு வரும் படகும் நின்றது. கிதியோனே அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டான். உனைசியின் தகர டப்பாவில் நாற்பத்திரண்டு மாத்திரைகள் இருந்தன. துணி வெட்டும் கத்திரியால் ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள். கொள்ளைநோய் வந்தவர்களையெல்லாம் அங்கேதான் கொண்டுபோய் வைப்பார்கள் என்று ஊரில் பேச்சு. தினமும் பிற்பகலில் வானொலி அன்றைய தொற்று எண்ணிக்கையைச் சொல்லும். எண்ணைக் கேட்டதும் அவள் இடக்கை விரல்கள் மரத்துப்போகும். மூக்கில் கருகிய சர்க்கரை வாசம் அடிக்கும். அந்த வாசம்தான் அவளுக்கு எப்போதும் முன்னறிவிப்பு. உடனே பாயில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு காத்திருப்பாள். வராது. அடுப்படியில் இருக்கும்போது வந்துவிட்டால் என்று ஒரு வேளைச் சமையலோடு நிறுத்திக்கொண்டாள். நாற்காலியிலிருந்து விழுந்துவிட்டால் என்று தரையில் உட்கார்ந்து கையால் தைத்தாள். தூக்கம் போயிற்று. விழுவதைவிட விழக் காத்திருப்பதுதான் அவளைத் தின்றது.

கிதியோனே காலையில் கூப்பிடுவான்.

"மாத்திரை இருக்கா உனா?"

"மூட்டையா கெடக்கு. வேணும்னா சொல்லு, உனக்கும் ரெண்டு அனுப்பறேன்."

"தூங்குறியா?"

"உன் குறட்டை இல்லாம ராணி மாதிரி தூங்குறேன் போ."

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படிப் பேசி வைத்த கையோடு வாசம் வந்தது. இந்த முறை நிச்சயம் என்று தெரிந்தது. பாயில் படுத்துக் கண்ணை மூடினாள். உடம்பு வெட்டி இழுப்பதற்குப் பதிலாக வீடு இழுத்தது. அவள் நடுவில் அசையாமல் கிடந்தாள். அலமாரியிலிருந்து நூல்கண்டுகள் உருண்டு வந்து காலைத் தொட்டன. எல்லாம் அடங்கியதும், இரண்டு மாதத்தில் முதல் முறையாக, அவள் தூங்கிப்போனாள்.

அடுத்த வாரம் வீட்டுக்கு இரண்டு முறை வந்தது. அதற்கடுத்த வாரம் தினமும். உனைசிக்கு ஒன்றுமில்லை. வீடுதான் வாங்கிக்கொள்கிறதே என்று அவள் அரை மாத்திரையையும் நிறுத்தினாள். மீதி இருந்தவற்றைத் துணியில் சுற்றித் தையல் மெஷினுக்கு அடியில் வைத்தாள். அப்போதிருந்துதான் ஆணிகள் பலகையைவிட்டு வெளியே வரத் தொடங்கின. மூலைத்தூணில் விரலளவு வெடிப்பு விழுந்தது. ராத்திரியெல்லாம் வீடு பல்லைக் கடிக்கும் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தாள். தனக்கு வரவேண்டியதை வாங்கிக்கொண்டு ஒரு வீடு செத்துக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. மறுபடி மாத்திரை போட்டால் இருப்பது இரண்டு வாரத்துக்குமேல் வராது. அதன் பிறகு என்ன செய்வது என்பது புரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை உனைசியோடு எல்லோரும் தெருவில் இருந்த நேரத்தில் வீட்டுக்கு அது வந்தது. புத்ராம் கயிற்றோடு ஓடிவந்தார். ஆறு பேர் தூண்களைக் கட்டிப்பிடித்து அமுக்கினார்கள். இருவர் சுவரைச் சுற்றிக் கயிறு போட்டு ஈரப்பலா மரத்தில் இறுக்கினார்கள். கதவு படார் படாரென்று அடித்துக்கொள்வதைப் பார்த்து, புத்ராம் கடப்பாரையை அதன் வாயில் செருகினார். நிலைச்சட்டம் பிளந்தது. அந்தச் சத்தம் உனைசியின் வாய்க்குள் கேட்டது.

"விடுங்கடா!" என்று அவள் கத்தினாள். "கையை எடுங்க! அது வாயில எதையும் திணிக்காதீங்க! அமுக்க அமுக்கத்தான் உடையும். சுத்திக் கெடக்கற கல்லையெல்லாம் தள்ளிப் போடுங்க. யாராச்சும் நேரம் பாருங்க. தானா நிக்கும். நின்னதும் பக்கத்துல இருங்க. அவ்வளவுதான் செய்யணும்."

ஆறு பேரும் கையை எடுத்தார்கள். புத்ராம் கடப்பாரையை உருவிக் கீழே போட்டார். அவர் முகக்கவசம் தாடையில் தொங்கியது.

"உனக்கும் இதத்தான் செஞ்சிருக்கணுமா, தங்கச்சி?"

"இருவது வருஷமா, அண்ணே."

"ஏன் சொல்லல?"

"வாயில கரண்டி இருந்துச்சு."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, மூன்று நிமிடம் என்றார். பிறகு நான்கு. கூரைத் தகரம் ஒன்று பிய்ந்து தெருவில் விழுந்தது. ஐந்து என்றபோது உனைசியின் முகம் வெளுத்தது. ஐந்து தாண்டினால் ஆளைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும்; வீட்டை எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது? யாரோ போய் நர்ஸ் சலோதேயைக் கூட்டிவந்தார்கள். பெருத்த உடம்பு, மூச்சு வாங்கியபடி வந்தாள். வீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக உனைசியிடம் திரும்பினாள்.

"மாத்திரை நிறுத்தி எத்தனை நாளாச்சு?"

உனைசி பிய்ந்து கிடந்த கூரைத் தகரத்தைப் பார்த்தாள்.

"ஒளிக்காதடி. வீடு அங்க உசுர விடுது."

"பத்து நாள். அதுக்கு முன்னாடி பாதி பாதி. தீந்துடும்னு பயம். விழுந்துடுவேன்னு பயம். ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுட்டா அவரைப் பாக்காமலே செத்துடுவேன்னு பயம். நல்லாத் தூங்கி மூணு மாசம் ஆச்சு. ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"எங்கிட்டச் சொல்லிருந்தா அன்னிக்கே கொடுத்திருப்பேன், மக்கு. அரிசி வர்ற கப்பல்ல மருந்தும் வருது. நீ வந்து கேக்கலன்னா எனக்கு எப்படித் தெரியும்?" பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் கையில் வைத்தாள். யாரோ இளநீர் கொண்டுவந்தார்கள். எல்லோர் கண்ணெதிரிலும் உனைசி அதை விழுங்கினாள்.

உடனே நிற்கவில்லை. எட்டு நிமிடம், ஒன்பது. மூலைத்தூண் முனகியது. அந்தத் தெருவில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. இடைவெளிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார்கள். நிலைச்சட்டத்துக்கு எட்டும் தூரத்தில் உனைசி உட்கார்ந்து, "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தனக்கு நினைவு திரும்பும்போது கேட்க விரும்பிய சொல் அதுதான் என்பது சொல்லும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பதினோராவது நிமிடத்தில் வீடு நின்றது. ஒரு பெருமூச்சு விட்டு இடப்பக்கம் சாய்ந்து படுத்தது. சலோதே தன் நோட்டில் தேதி, நேரம், நிமிடக்கணக்கு மூன்றையும் எழுதினாள். பெயர் என்ற இடத்தில் சற்று யோசித்து, உனைசி என்று எழுதி, அதற்கடியில் வீடு என்றும் எழுதிக்கொண்டாள்.

அன்று முதல் தெருவார் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். பகலில் ஒருவர் எதிரே உட்கார்ந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார், உனைசி உள்ளே தூங்கினாள். புத்ராம் தூணுக்கு முட்டுக் கொடுத்தார். வீடு விழித்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டுதான் ஆணி அடித்தார். அக்டோபரில் படகு ஓடத் தொடங்கி, கிதியோனே இளைத்துப்போய் வந்து இறங்கினான். வாசலில் வைத்தே உனைசி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சுவரைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போனான்.

பிறகு வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். சில சமயம் அவளுக்கு வரும், சில சமயம் வீட்டுக்கு. சென்ற ஆண்டு மின்சார மீட்டர் பார்க்கப் புதிதாக ஒருவர் வந்தார். அவர் படியில் கால் வைக்கும்போது சன்னல்கள் சாத்திக்கொண்டன. பூகம்பமா என்று அலறினார். அடுத்த வீட்டுச் சன்னலிலிருந்து புத்ராமின் மனைவி, "இல்லீங்க, வீட்டுக்கு வலிப்பு. ரெண்டு நிமிஷம் பொறுங்க" என்றாள். அவர் மரத்தடியில் உட்கார்ந்து பொறுத்தார். முடிந்ததும் எழுந்து போய், சத்தம் வராமல் மீட்டர் பெட்டியைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக்குப் போனார்.